ரிவர்ஸ் கேமராவில் படம் வரவில்லையா? உப்புக்காற்று ஊரில் பிழை தேடும் வழி

சென்ற ஆடி மாதம் கடியப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றும் சிறிய சரக்கு வண்டி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. ஓட்டும் தம்பியின் கையில் பெட்டி பிரிக்காத புதுக் கேமரா. இரண்டு ஆண்டுகளில் அவர் வாங்கிய மூன்றாவது கேமரா அது. “இதை மாட்டிவிடுங்கள் அண்ணா, பழையது செத்துவிட்டது” என்றார். பழையதைக் கழற்றி, ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்து, வண்டியின் திரையோடு இணைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. கெட்டிருந்தது பின்விளக்குக்குப் பின்னால் தகட்டில் திருகியிருந்த எர்த் முனை, அதாவது மின்சாரம் வண்டியின் தகடு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. திருகைத் தொட்டதும் துரு பொடியாக உதிர்ந்தது. ஒயரின் உறையைச் சீவினால், செம்பு இருக்க வேண்டிய இடத்தில் விரல் நீளத்துக்குப் பச்சைக் களிம்பு. புதுக் கேமராவைப் பெட்டியோடு திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேமரா கெடுவதைவிட அதற்குப் போகும் இணைப்பு கெடுவதுதான் அதிகம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நம்மை நனைக்கின்றன. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடற்கரை முழுவதும் காற்றில் உப்பு. இந்த மண்ணில், வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே பெரிய காரியம். ஆகவே பணம் கொடுத்துப் புதிதாக வாங்குமுன் கீழே உள்ளபடி அறிகுறியைப் பார்த்துத் தேடுங்கள்.

இதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்பனைக்குத் தயாராகும் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம், கேமரா கட்டாயமில்லை. சென்சார் தன் எதிரே எழுந்து நிற்கும் பொருளிலிருந்து திரும்பி வரும் ஒலியைக் கேட்டு வேலை செய்கிறது. மதிலைச் சொல்லும், மரத்தைச் சொல்லும். சானல்கரைச் (கால்வாய்க்கரை) சாலையின் விளிம்பை அது சொல்லாது, ஏனென்றால் அங்கே ஒலி மோதித் திரும்ப எதுவும் இல்லை. தவழும் பிள்ளை பம்பருக்கு அடியில் ஒட்டி இருந்தால் சென்சார் தவறவிடவும் கூடும். நம் வீடுகளில் முற்றமும் வண்டி நிற்கும் இடமும் ஒன்றுதான். அரைகுறையாகப் படம் வரும் கேமராவை “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விடாதீர்கள்.

தேவையான கருவிகள் சிலதான்: வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று, இரு முனையிலும் கவ்வி வைத்த ஐந்து மீட்டர் ஒயர், பழைய 21 வாட் வண்டி பல்பு ஒன்று. சோதனை முழுவதும் எஞ்சினை ஓடவிடாமல், சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரில் போட்டுச் செய்யுங்கள். கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சின் ஓடும் வண்டி ரிவர்ஸ் கியரில் இருக்கும்போது அதன் பின்னால் ஆள் குனிந்து நிற்கவே கூடாது.

ரிவர்ஸ் போட்டும் திரை மாறவே இல்லை

பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கேமராப் பக்கம் திறக்கவே இல்லை என்றால் கேமராவைத் தொடாதீர்கள். “ரிவர்ஸ் விழுந்துவிட்டது” என்ற செய்தி ஸ்டீரியோவுக்கு (முன்னால் திரையோடு இருக்கும் பாட்டுப்பெட்டி) போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். முதலில் பின்னால் போய் ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் பிழை வண்டியில்: பியூஸ், பல்பு, கியர்பாக்ஸில் உள்ள ரிவர்ஸ் சுவிட்ச் என்ற வரிசையில் தேடுங்கள்.

விளக்கு எரிகிறது, திரை மாறவில்லையா? கேமராவோடு வரும் நீளமான வீடியோ ஒயரைக் கவனியுங்கள். ஆர்.சி.ஏ. எனப்படும் மஞ்சள் நிற வீடியோச் செருகு முனைக்குப் பக்கத்தில் மெல்லிய ஒற்றை ஒயர் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், முன்னும் பின்னும் ஒவ்வொன்று. பின்முனை ரிவர்ஸ் விளக்கின் பாசிட்டிவ் ஒயரிலும், முன்முனை ஸ்டீரியோவின் ரிவர்ஸ் ஒயரிலும் சேர வேண்டும். இதை உபரி ஒயர் என்று நினைத்து வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஸ்டீரியோவின் முதுகில் அந்த ஒயரை அளந்தால் ரிவர்ஸில் 12 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் ஸ்டீரியோ அமைப்புகளில் கேமரா அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

திரை மாறுகிறது, நீலமாகவோ கறுப்பாகவோ நிற்கிறது, “சிக்னல் இல்லை” என்கிறது

என்னிடம் அதிகமாக வரும் குறை இதுதான், ஆகவே நின்று பேசவேண்டிய இடமும் இதுதான்.

திரை மாறியதே நல்ல செய்தி. ரிவர்ஸ் செய்தி முன்னால் வந்துவிட்டது. வராதது படம். கேமராவுக்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம், வீடியோ ஒயர் நடுவில் அறுந்திருக்கலாம், கேமராவே போயிருக்கலாம். எது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கேமராவைக் கழற்றி முன்னிருக்கைக்குக் கொண்டுவாருங்கள். தனி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வண்டியின் தகட்டுக்கும் ஓர் ஒயர் போடுங்கள். சிறிய வீடியோ ஒயரால் நேரே ஸ்டீரியோவில் செருகுங்கள். படம் வந்தால் கேமராவும் ஸ்டீரியோவும் நலம். நோய் நடுவில் இருக்கிறது. வராவிட்டால், அப்போதுதான் வேறொரு கேமராவைக் கடன் வாங்கிப் பார்க்கும் வேளை.

நோய் நடுவில் என்றால் பின்னால் வாருங்கள். கேமராவின் சிவப்பு, கறுப்பு ஒயர்களில் மீட்டரை வைத்து அளப்பார்கள், 12 வோல்ட் காட்டும், “மின்சாரம் வருகிறது, கேமராதான் போச்சு” என்று முடிவு கட்டுவார்கள். பலர் வழுக்கி விழும் இடம் இது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. களிம்பு ஏறி ஒரே ஓர் இழை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டிவிடும். சுமை ஏற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்குத்தான் அந்தப் பழைய 21 வாட் பல்பு. கேமராவுக்கு மின்சாரம் வரும் கப்ளரில் (செருகும் இணைப்பு) கேமராவுக்குப் பதிலாக இந்தப் பல்பைக் கொஞ்ச நேரம் மட்டும் இணையுங்கள். பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் கேட்கும். கேமராவுக்கென்று 1 ஆம்பியர் பியூஸ் போட்டிருந்தால் அது போய்விடும். அப்படியானால் 5 வாட் பல்பைப் பயன்படுத்துங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் இணைப்பு உறுதி. மங்கலாக மின்மினிபோல் எரிந்தால், அல்லது இணைத்த நொடியில் மீட்டரின் எண் சரிந்தால், வழியில் எங்கோ அரிப்பு.

அரிப்பு பாசிட்டிவ் பக்கமா எர்த் பக்கமா என்று அறிய அந்த ஐந்து மீட்டர் ஒயர். ஒரு முனையை வண்டி பேட்டரியின் நெகட்டிவில் கவ்வுங்கள், மறுமுனையில் மீட்டரின் ஒரு கம்பி. மீட்டரின் இன்னொரு கம்பியைக் கேமராவின் கறுப்பு ஒயரில் வையுங்கள். பல்பு எரியும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 1 வோல்ட், 2 வோல்ட் என்று வந்தால் எர்த் கெட்டுவிட்டது. என் அனுபவத்தில், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் பெரும்பாலும் எர்த்தான்.

அதைச் சரிசெய்யும்போது பழைய திருகையே மறுபடி இறுக்கி அனுப்பாதீர்கள். தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளிபோல் மின்னவையுங்கள். புது வளைய முனை போட்டு இறுக்கி, அதன்மேல் கிரீஸ் பூசி, சுரண்டிய இடம் தெரியாதபடி பெயின்ட் தொட்டு மூடுங்கள். ஒயரில் களிம்பு தெரிந்தால் செம்பு பளபளக்கும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். களிம்பு உறைக்குள் ஊர்ந்து போகும், கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு அது நிற்பதில்லை. முறுக்கி, ஈயம் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். வெட்டாமலே கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. வேலை சுலபம்தான், ஆனால் அவை உறையைக் கிழித்துக் காற்றுக்குத் திறந்து விடுகின்றன. கடலோர வண்டியில் நான் அவற்றைப் போடுவதில்லை.

டிக்கியைத் திறந்தால் படம் வருகிறது, மூடினால் போய்விடுகிறது

இது எதிர்மாறாகவும் நடக்கும். கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே துதிக்கைபோல் ஒரு ரப்பர் குழாய் போகிறது அல்லவா, அதன் இரு முனைகளையும் நெம்பிக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒயர் மடங்குகிறது. வெளியே உறை முழுதாகத் தெரியும். இரு விரலால் மெல்ல இழுத்தால் நடுவில் ரப்பர்போல் நீளும். அங்கே செம்பு அறுந்துவிட்டது. வீடியோ ஒயரை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுவதே நல்லது, ஏனென்றால் மடங்கும் இடத்தில் போட்ட ஒட்டு மறுபடி அங்கேயே விடும். புது ஒயரைக் குழாய்க்குள் இழுக்கும்போது கொஞ்சம் தளர்வாக விடுங்கள். குழாய்க்கு வெளியே, ரப்பர் இடுக்கில் நசுக்கி ஒயரை உள்ளே கொண்டுபோயிருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்த இடுக்கு வழியாக மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு டிக்கிக்குள் இறங்கும். ஒயர் உள்ளே நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்தால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பிரேக்கை மிதித்தால் கேமரா திறக்கிறது

முன்னே போய்க்கொண்டிருக்கிறீர்கள், மார்த்தாண்டம் மேம்பாலத்தில் நெரிசல், பிரேக்கைத் தொட்டதும் திரையில் பின்னால் நிற்கும் பஸ். ஸ்டீரியோ கெட்டுவிட்டது என்று இதற்குப் பயந்துபோய் வருகிறார்கள். பின்னால் ஒருவரை நிறுத்தி, பிரேக்கை மிதித்து, ரிவர்ஸ் விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக எரியும். பின்விளக்குக் கூட்டில் பிரேக், ரிவர்ஸ், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் எர்த் ஒன்றே. அந்தப் பொது எர்த் அரித்துப்போனால் பிரேக் பல்பின் மின்சாரம் திரும்பிப்போக வழியில்லாமல் ரிவர்ஸ் பல்பின் வழியாகப் பின்வாசலில் நுழைகிறது. அதை ரிவர்ஸ் கியர் என்று ஸ்டீரியோ நம்பிவிடுகிறது. கேமரா இங்கே குற்றவாளி அல்ல, சாட்சி. பின்விளக்கு ஹோல்டரையும் அதன் எர்த்தையும் உடனே சரிசெய்யுங்கள். உங்கள் பிரேக் விளக்கும் மங்கலாகத்தான் எரிகிறது, பின்னால் வருபவருக்கு அது தெரியாது.

எர்த் நன்றாக இருந்தும் இப்படி நடந்தால், மாட்டியவர் ரிவர்ஸ் ஒயருக்குப் பதில் பிரேக் ஒயரைப் பிடித்திருப்பார்.

படத்தில் கோடுகள் ஓடுகின்றன, படம் துடிக்கிறது

எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். கோடுகள் மறைந்தால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி) வரும் மின் இரைச்சல். வீடியோ ஒயர் மின்சார ஒயர்க் கட்டோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பார்த்து, வண்டியின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். கேமராவின் எர்த்தும் ஸ்டீரியோவின் எர்த்தும் வெவ்வேறு இடங்களில் இருப்பதும் இதற்குக் காரணமாகலாம். கேமராவின் எர்த்தை முன்னால் ஸ்டீரியோ எர்த்துக்கே கொண்டுவந்தால் பெரும்பாலும் தீரும்.

எஞ்சின் நின்றும் துடித்தால், வண்டி புதியதா என்று கேட்பேன். சில புதிய கார்களில் கணினி, விளக்குக்கு மின்சாரத்தை ஒரே சீராகக் கொடுக்காமல் வெகுவேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கிறது. பல்பின் இழை சூட்டோடு இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது. கேமரா அப்படித் தாங்காது, விட்டுவிட்டு எழுந்து விழுந்துகொண்டே இருக்கும். இந்த மின்சாரத்தைச் சீராக்க, கெப்பாசிட்டரும் ரிலேயும் வைத்த பில்ட்டர் கடையில் தயாராகவே கிடைக்கிறது. இல்லையென்றால் கேமராவுக்கு மின்சாரத்தைப் பின்விளக்கிலிருந்து எடுக்காமல், சாவி போட்டால் வரும் ஆக்சசரி ஒயரிலிருந்து 1 ஆம்பியர் பியூஸ் வைத்து எடுங்கள். இப்படிப்பட்ட கார்களில் உத்தரவாதக் காலத்தில் தொழிற்சாலை ஒயரை வெட்டுமுன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒயரில்லாக் கேமராவில் கோடு ஓடினால், பெரும்பாலானவை வீட்டு வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே வேலை செய்வதைக் காரணமாகப் பாருங்கள். வீட்டுக்கு முன் கெடுகிறது, வயல்வெளியில் சரியாகிறது என்றால் அதேதான். ஒயர் இழுக்கும் சிரமத்துக்கு அஞ்சி ஒயரில்லாததை வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. மின்சாரத்துக்கு எப்படியும் பின்னால் ஒயர் போட்டுத்தான் ஆகவேண்டும்.

படம் உருளுகிறது, நிறமில்லை, துண்டு துண்டாக வருகிறது

கேமராவும் திரையும் வெவ்வேறு மொழி பேசுகின்றன. பழைய வகைக் கேமராக்களில் படம் அனுப்பும் முறைகள் இரண்டு: பி.ஏ.எல். (PAL) முறையில் 625 கோடுகள், என்.டி.எஸ்.சி. (NTSC) முறையில் 525 கோடுகள். ஸ்டீரியோவின் அமைப்பில் ஒன்றை மாற்றி மற்றொன்றைப் போட்டால் சரியாகும். இப்போது வரும், தெளிவு கூடிய ஏ.எச்.டி. (AHD) கேமராவைப் பழைய ஸ்டீரியோவில் செருகினால் எந்த அமைப்பாலும் ஒட்டாது. வாங்கும் முன்னே ஸ்டீரியோ எதை ஏற்கிறது, படத்தின் தெளிவு 720ஆ 1080ஆ, நொடிக்கு 25 படமா 30 படமா என்று அதன் கேமரா அமைப்பைத் திறந்து பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சில கேமராக்களில் வெட்டினால் முறை மாறும் சிறிய ஒயர் வளையம் உண்டு. வண்டியோடு வந்த ஸ்டீரியோவில் கேமரா நுழைவே இல்லாமலும் இருக்கலாம்; அதற்குத் தனித் திரையோ கண்ணாடியில் பொருத்தும் திரையோதான் வழி.

இடம் வலமாகத் தெரிகிறது

முன்கேமராவாகவும் பயன்படும் வகையை வாங்கியிருக்கிறீர்கள். ஸ்டீரியோவில் கண்ணாடிப் பிம்ப அமைப்பை மாற்றுங்கள், அல்லது கேமராவில் அதற்கான ஒயர் வளையத்தை வெட்டுங்கள். எந்த நிற வளையம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. தாளைப் படிக்காமல் கத்தரியை எடுக்காதீர்கள்.

காலையில் மூடுபனி, பத்து மணிக்குத் தெளிகிறது

லென்ஸுக்குள் ஈரம் புகுந்துவிட்டது. வெளியே எவ்வளவு துடைத்தும் பயனில்லை. கேமராவைக் கழற்றி இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்து, ஈரம் முழுவதும் போனபின் லென்ஸ் விளிம்பையும் ஒயர் நுழையும் இடத்தையும் சிலிக்கோனால் அடைக்கலாம். குழாயைத் திறந்ததும் காடி வாடை அடிக்கும் சிலிக்கோன் வேண்டாம். அந்த அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வாங்கும்போது பெட்டியில் ஐ.பி. 67 என்று இருந்தால், 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் மூழ்கித் தாங்கும் என்பது பொருள். சர்வீஸ் நிலையத்தில் பீய்ச்சியடிக்கும் அழுத்த நீரை அது தாங்கும் என்று பொருளில்லை. அதற்கு ஐ.பி. 69கே என்ற தரம் தனி. எந்தத் தரமானாலும் நீர்க்குழலைக் கேமராவுக்கு அருகே பிடிக்கவிடாதீர்கள். கடற்கரைக்குப் போய்வந்த வண்டியில் லென்ஸை உலர்ந்த துணியால் துடைப்பதும் தவறு, மணல் கீறிவிடும். முதலில் ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு துடையுங்கள்.

லாரியில் போட்ட கேமரா ஒரு வாரத்தில் கருகியது

டிப்பர், பஸ், பெரிய லாரிகளில் 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் கேமரா அங்கே நிற்காது. 9 முதல் 36 வோல்ட் வரை தாங்கும் வகையை வாங்குங்கள், அல்லது 24ஐ 12ஆக்கும் கன்வெர்ட்டர் வையுங்கள்.

இரவில் ஒன்றும் தெரியவில்லை

முதலில் ரிவர்ஸ் பல்பின் மேல்கண்ணாடி மஞ்சளித்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். கேமராவுக்கு அந்த ஒளிதான் ஆதாரம். ரப்பர் தோட்டத்து வழிகளில் தெருவிளக்கு கிடையாது. அங்கே கேமராவைவிட நல்ல ரிவர்ஸ் பல்பு உதவும். நம்பர் பிளேட் விளக்கு லென்ஸில் நேரே விழுந்து படத்தை வெளிறச் செய்தால் கேமராவைச் சில சென்டிமீட்டர் நகர்த்துங்கள்.

கோட்டுக்கு வெளியே இருந்தது, ஆனாலும் இடித்துவிட்டது

திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் உங்கள் வண்டியை அளந்து போட்டவை அல்ல. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பம்பரிலிருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் தூரத்தில் ஒவ்வொரு செங்கல் வையுங்கள். உள்ளே உட்கார்ந்து எந்தச் செங்கல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால் கேமராவை மேலோ கீழோ சாய்த்துச் சரிசெய்யுங்கள். பம்பரின் விளிம்பு திரையின் அடியில் நூலளவு தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் எங்கே முடிகிறோம் என்பது கண்ணுக்குக் கிடைக்காது. 170 டிகிரி கேமரா அகலமாகக் காட்டும், ஆனால் நேர் பின்னால் உள்ளதைச் சிறிதாக்கித் தூரமாகக் காட்டும். முற்றத்துக்குள் புகும் காருக்கு 140 டிகிரியே எனக்குப் பிடிக்கும்.

செங்கல் வைத்து அளந்த பின்னும் ஓர் இடத்தில் கோடு ஏமாற்றும். குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் வீட்டு வழிகள் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கின்றன. பின்னால் தரை மேல்நோக்கி ஏறினால், அங்கே உள்ள பொருள் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகத் தெரியும். கீழ்நோக்கி இறங்கினால் உண்மையைவிட அருகில் தெரியும். ஆகவே ஏற்றத்தில் பின்னால் எடுக்கும்போது மஞ்சள் கோட்டிலேயே நிறுத்தி, கதவைத் திறந்து ஒருமுறை எட்டிப் பாருங்கள். வழக்கமாக வண்டி நிற்கும் உங்கள் வீட்டு ஏற்றத்திலேயே செங்கல் சோதனையை இன்னொரு முறை செய்துவிட்டால், அந்த வழிக்கு மட்டுமாவது கணக்கு கையில் இருக்கும்.